நாலரை மணிச் செயலாளர்

அத்தியாயம் 11

போன வாரம் கனகேஸ்வரியைச் சமையலறை வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அவள் கையில் அவளே எழுதிய அறிக்கை. கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அப்பா. பாவம், ஒரு வாரமாக அந்தப் பெண் அங்கேயே நிற்கிறாள். இனியும் நிற்கவைத்தால் பழி எனக்குத்தான் வரும்.

"அப்பா, ஒருக்கா இதை வாசிச்சுப் பாருங்களேன்" என்றாள்.

"எதை?"

"கிளப்பைப் பத்தி நான் எழுதின ரிப்போர்ட். இண்டைக்குக் கூட்டத்தில வாசிக்கப் போறது."

சண்முகரத்தினம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கூட்டத்தில வாசிக்கப் போறதை இப்ப நான் வாசிச்சா, மற்ற மெம்பர்மாருக்கு முன்னமே நான் பாத்ததாப் போயிடும். செக்ரட்டரி அப்பிடிச் செய்யிறது முறையில்லை, பிள்ளை."

"நான் உங்கட மகள்தானே."

"அதுக்காகத்தான் சொல்லுறன்."

பேச்சு முடிந்தது. மறுபடியும் இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரில் ஏறியது.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. சண்முகரத்தினம் ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கோலாலம்பூரில் சிலோன் தமிழர்கள் தொடங்கிய பிரிக்ஃபீல்ட்ஸ் ஐக்கிய சிலோன் விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் கௌரவச் செயலாளர். கனகேஸ்வரி பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான். 'கௌரவ' என்றால் சம்பளம் கிடையாது என்று நாம் நினைப்போம். சம்பளத்தைவிடப் பெரிய ஒன்று கிடைக்கிறது என்று அவர் நினைப்பார்.

மனைவி பூரணம் லண்டனில் இருக்கிறாள். மகன் யோகநாதனுக்குப் பிள்ளை பிறந்ததென்று மூன்று மாதத்துக்குப் போனவள், குளிர் போகட்டும், பல் முளைக்கட்டும் என்று தங்கிவிட்டாள். ஸ்காட் ரோட்டு அடுக்குமாடி வீட்டில் இப்போது அப்பாவும் மகளும் மட்டும்தான். இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அரிசியைப் பற்றியும் தண்ணீர் பில்லைப் பற்றியும்தான்.

கனகேஸ்வரி படிப்பது கிள்ளானில், மேரு போகும் சாலையில் இருக்கும் ஒரு மிஷன் கல்லூரியில். வணிகப் பட்டம். மூன்றாம் வருடத்தில் ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இன்னும் இரண்டு வருடத்தில் கோலாலம்பூருக்குக் காமன்வெல்த் விளையாட்டு வருகிறது, புக்கிட் ஜாலிலில் பெரிய மைதானம் எழும்புகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததால், கல்லூரியும் புதிதாக விளையாட்டு மேலாண்மை என்றொரு பிரிவைத் திறந்தது. கனகேஸ்வரி அதில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

நம்மவர்களிடம் பிள்ளைகளைப் போட்டு வைப்பதற்கு நாலே நாலு டப்பாதான் உண்டு. டாக்டர், லாயர், இன்ஜினியர், அக்கவுண்டன்ட். இதில் ஒன்றிலும் அடங்காத பிள்ளையைக் கோயிலில் யாராவது விசாரித்தால் என்ன சொல்வது? சண்முகரத்தினம் "அக்கவுண்டன்சி" என்று சொல்லிவிடுவார். பொய் பேசாத மனிதர் ஒரு வருடமாகப் பேசிவந்த ஒரே பொய் அது.

"விளையாட்டை நடத்துறதுக்குப் படிப்பு எதுக்கு? நான் என்ன படிச்சிட்டா நடத்துறன்?" என்று வீட்டில் ஒரே ஒருமுறை கேட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செய்முறைப் பாடத்துக்கு ஒரு விளையாட்டு அமைப்பை ஆராய்ந்து, அதை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று எழுதி, அந்த அமைப்பின் முன்னாலேயே வாசிக்க வேண்டும் என்றார்கள். வகுப்புப் பையன்கள் பெரிய பெரிய சங்கங்களாகப் பிடித்துக்கொண்டார்கள். கனகேஸ்வரி அப்பாவின் கழகத்தை எடுத்தாள். அப்பாவின் இடத்துக்கே அந்தப் படிப்பைக் கொண்டுபோய் வைத்தால், ஒருநாளாவது அதன் பெயரை அவர் வாயால் சொல்வார் என்ற நப்பாசை.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்தப் பெண் அப்பாவின் தலையிலும் சேர்த்துப் போட்டாள்.

விடுமுறையில் அப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு பகல் முழுக்கக் கழக அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். காலையில் தொலைபேசி அடித்தது. ஒரு பள்ளிக்கூடம், ஹாக்கி மைதானம் வாடகைக்குக் கிடைக்குமா என்றது. மத்தியானம் இன்னொரு பள்ளி. கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா என்பவர், "ஏம்மா, சின்னப் பசங்க டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுக்கலாம்னு எத்தன தடவ போன் பண்றது? ஆளே எடுக்க மாட்டேங்கிறீங்க, லா" என்று 'லா' போட்டுக் கோபித்துக்கொண்டார்.

ஆள் எடுக்காத காரணம் கனகேஸ்வரிக்கு எந்தப் பாடப்புத்தகத்தையும் பார்க்காமலே தெரிந்தது. காரணம் அவள் வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

அரசாங்க ஊழியன் அலுவலக நேரத்தில் கழக வேலை பார்க்கக்கூடாது என்பது சண்முகரத்தினத்தின் கொள்கை. ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் அலுவலகம் விட்டு, நாலரை மணிக்குத்தான் கழகத்தின் கதவைத் திறப்பார். ஓய்வு பெற்றார். இனி முழுநாளும் அவருடையது. ஆனாலும் ஒருநாள்கூட நாலரைக்கு முன்னால் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டு, நாலரை ஆகட்டும் என்று வீட்டில் காத்திருப்பார். கேட்டால், "அது பழக்கம்" என்பார். அந்தப் பழக்கத்தில்தான் கழகம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டு வந்தது.

அறிக்கையில் நாலு பரிந்துரைகள். நாலாவது பரிந்துரை, கௌரவச் செயலாளர் பதவியை எடுத்துவிட்டுச் சம்பளத்துக்கு ஒரு முழுநேர மேலாளரைப் போட வேண்டும் என்பது.

அதைத்தான் அவள் அப்பாவிடம் முதலில் சொல்லிவிடப் பார்க்கிறாள். அவரோ கேட்கிற வழியாக இல்லை. கூட்டத்துக்கு நகல் எடுக்கப் போனபோதுகூட, ஃபோட்டோஸ்டாட் கடைக்காரனையே அறிக்கை இருந்த கவரைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, தான் வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கவரில் போட்டு ஒட்டிய பிறகுதான் கையில் வாங்கினார். அவ்வளவு நேர்மை.

"போயிட்டு வாறன் அப்பா" என்றாள்.

"அஞ்சரைக்குக் கூட்டம். பிந்தாதே."

*

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் அன்று கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலாவது பரிந்துரையை வேறு விதமாக எழுத முடியுமா என்று மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 'பதவியை மறுசீரமைக்கலாம்.' 'உதவிக்கு ஆள் சேர்க்கலாம்.' எப்படிச் சுற்றினாலும் அப்பாவின் நாற்காலியில்தான் வந்து நின்றது.

புதன்கிழமை காலை கல்லூரியில் ஆராதனை. எல்லா மாணவர்களும் போயாக வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நெற்றியில் அவசரத்தில் அழிக்க மறந்த திருநீறு. மூன்று வருடத்தில் அங்கே பாடும் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பாடினால் வீட்டுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. பாடாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மரியாதைக் குறைவு. வாயை மட்டும் அசைப்பாள். அதுவே வெள்ளிக்கிழமை கந்தசாமி கோயிலில் எல்லோரும் தேவாரம் பாடும்போது, இந்த ஆராதனைப் பாட்டின் மெட்டு தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். அங்கேயும் வாயை மட்டும் அசைப்பாள். எந்த இடத்திலும் முழுக் குரலில் பாடி அவளுக்கு வெகுநாளாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வகுப்புப் பையன்கள் புக்கிட் ஜாலில் மைதானத்தைப் பார்க்க வேனில் கிளம்பினார்கள். "நீ வரலயா? இன்னிக்கி பிரசன்டேஷனா? குட் லக்லா" என்று ஒருவன் கையாட்டினான். வேன் கிளம்பிய பிறகு வாசலில் அவள் மட்டும்தான் நின்றாள்.

முதல் இரண்டு வருடம் ஒன்றாகத் திரிந்த தோழிகள் கணக்கியல் பிரிவுக்குப் போய்விட்டார்கள். கேன்டீனில் அவர்கள் மேசையில் இடமிருந்தது. ஆனால் பேச்சு முழுக்க அவர்கள் பாடம், அவர்கள் பரீட்சை. "நீ பி.டி. டீச்சர் ஆகப்போறியா கனகா?" என்று ஒருத்தி விகற்பமில்லாமல் கேட்டாள். இவளும் விகற்பமில்லாமல் சிரித்துவிட்டு, பாதி நாசி லெமாக் சோற்றை இலையோடு அப்படியே மடித்து வைத்தாள்.

அவளுடைய விரிவுரையாளர் மிஸஸ் தேவசகாயம் மாடி அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், நாலாவது பரிந்துரையை எடுத்துடலாமா?"

"ஏன்? டேட்டா தப்பா?"

"டேட்டா சரிதான். அந்த செக்ரட்டரி... எங்க அப்பா."

மிஸஸ் தேவசகாயம் பேனாவை மூடினார். "இத ஏன் நீ மொதல்லயே சொல்லல?"

"சொன்னா வேற கிளப் எடுக்கச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா. அதுக்குத்தான் சொல்லணும்."

கனகேஸ்வரி தலை குனிந்தாள். மிஸஸ் தேவசகாயம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் கொஞ்சம் அழுதாவது இருப்பாள்.

"எடுக்கணும்னா எடுத்துடு. ஆனா எடுத்தா அந்த ரிப்போர்ட்ல என்ன மிஞ்சும்னு யோசிச்சியா? கிரவுண்ட வாடகைக்கு விடணும்ங்கிற. போன யாரு எடுப்பா? ஸ்பான்சர் வேணும்ங்கிற. அவர் கடைக்கு யாரு போவா?"

"தெரியுது மேடம்."

"நான் அங்க வரப்போறதில்ல. உங்க பிரசிடெண்ட் ஒரு லைன் எழுதிக் கொடுத்தா போதும், நீ பாஸ். எத வாசிக்கிற, எத விடுறங்கிறது உன் இஷ்டம்." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "நாளைக்கு நீ வேலைக்குப் போற எடத்துல எல்லாருமே யாரோ ஒருத்தரோட அப்பாதான், கனகா" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் கனகேஸ்வரி முடிவெடுத்தாள். மூன்று பரிந்துரைகளை வாசிப்பது. நாலாவது வந்ததும் 'நன்றி, வணக்கம்' சொல்லி உட்கார்ந்துவிடுவது. முடிவெடுத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நகல்கள் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோனது.

*

கழகக் கட்டடம் பழைய மரக் கட்டடம். மைதானத்தின் ஓரமெல்லாம் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. உள்ளே நீள மேசை, தட்டு நிறையப் பொரித்த கறிபாப் பலகாரம், ஃபிளாஸ்க்கில் தேநீர். நடுவில் தலைவர் விநாயகமூர்த்தி, ஓய்வு பெற்ற பல் வைத்தியர். அவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பான தங்கரத்தினம் ஆன்டி. எதிரில் வழக்கறிஞர் ராதாகிருஷ்ணன். இன்னும் சில வழுக்கைத் தலைகள். ஓரத்தில், இஸ்திரி கலையாத சட்டையில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா.

வரவேற்பு, போன கூட்டக் குறிப்பு, கழிவறைக் கூரை ஒழுகல் எல்லாம் முறைப்படி முடிந்தன. சண்முகரத்தினம் எழுந்தார். கவரைப் பிரித்து, எல்லோருக்கும் ஒரு நகல் கொடுத்தார். தனக்கும் ஒன்றை எடுத்து, புரட்டாமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

கனகேஸ்வரிக்கு அப்போதுதான் நகல்களின் நினைவு வந்தது; நாலாவது பரிந்துரை எல்லோர் கையிலும் இருந்தது.

"அடுத்த விஷயம், மாணவி ஆய்வறிக்கை" என்றார் அப்பா. "வாசிக்கிறவர் மிஸ் கனகேஸ்வரி சண்முகரத்தினம்." தொண்டையைச் செருமினார். "என்ட மகள். கிள்ளான் மிஷன் காலேஜில பிசினஸ் டிகிரி செய்யிறாள். அதில ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்."

"அக்கவுண்டன்சி எண்டெல்லோ சொன்னீங்கள்?" என்றார் தங்கரத்தினம் ஆன்டி.

"அது நான் பிழையாச் சொன்னது."

ஒரு வருடமாக எதற்காகக் காத்திருந்தாளோ அது நடந்துவிட்டது. சபை நடுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவளுடைய படிப்பின் பெயரை அப்பா சொல்லிவிட்டார். அந்த நிமிடமே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

வாசித்தாள். மைதானத்தைப் பகலில் பள்ளிகளுக்கு வாடகைக்கு விடலாம். தலைகள் ஆடின. வியாபாரிகளிடம் ஆதரவு கேட்கலாம், ஒருவர் தயாராகவே இருக்கிறார். "நல்ல விஷயம்" என்றார் தலைவர். நின்றுபோன பெண்கள் அணியை மறுபடி தொடங்கலாம். தங்கரத்தினம் ஆன்டி கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பகல் நேரத்தில் தொலைபேசி எடுக்கப்படாததால் இந்த வாய்ப்புகள் நழுவுகின்றன என்ற வரியை அவள் கொஞ்சம் வேகமாக வாசித்துக் கடந்தாள்.

"நன்றி, வணக்கம்" என்று தாளை மடித்தாள்.

"இன்னொண்டு இருக்கே?" ராதாகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கடைசிப் பக்கத்தில. நாலாவது."

"அது... அவ்வளவு முக்கியமில்ல அங்கிள்."

"அச்சில இருக்குதே."

மேசை முழுக்கத் தாள் புரளும் சத்தம். அப்பாவும் தன் நகலை நிமிர்த்தினார். முதன்முறையாக அதைப் பார்க்கிறார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். அவர் படிப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒருமுறை படித்தவர், இன்னொரு முறையும் படித்தார்.

"வாசி, பிள்ளை" என்றார்.

"அப்பா..."

"இங்க நான் செக்ரட்டரி. அஜெண்டாவில வந்ததைப் பாதியில விட்டிட்டுப் போகக்கூடாது. வாசி."

வாசித்தாள். "கௌரவச் செயலாளர் பதவி நீக்கப்பட்டு, பகல் முழுவதும் அலுவலகத்தில் இருக்கக்கூடிய, விளையாட்டு மேலாண்மை பயின்ற ஒருவர், சம்பளம் பெறும் மேலாளராக நியமிக்கப்பட வேண்டும்." அவளுடைய குரல் அவளுக்கே யாரோ வாசிப்பதுபோல் கேட்டது.

தலைவர் தன் நகலை இன்னொரு முறை புரட்டினார்.

"ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் பயின்ற ஒருவர்" என்று ராதாகிருஷ்ணன் இழுத்தார். "இங்க அதைப் படிச்சவை வேற யார் இருக்கினம்? அந்த மேனேஜர் நீர்தானோ?"

கனகேஸ்வரி அந்த வரியை மறுபடி பார்த்தாள். அப்படியொரு அர்த்தம் அதில் இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்த வாக்கியம், அப்படியே எழுதிவிட்டாள். இந்த மேசையில் அது, அப்பாவைத் தள்ளிவிட்டு மகள் உட்கார்வதற்கு இடம் கேட்கிற மாதிரி இருந்தது.

"நான் இல்ல அங்கிள். நான் அப்பிடி நினைச்சு எழுதல."

"பிறகு எப்பிடி நினைச்சு..."

"கேள்வி இருந்தா தலைவர் மூலமாக் கேக்கோணும்" என்றார் சண்முகரத்தினம். குரல் உயரவில்லை. தாளிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. ராதாகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டார்.

தலைவர் விநாயகமூர்த்தி ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர். இப்போது தன் வாயைத் திறக்கச் சங்கடப்பட்டார்.

"இதைத் தீர்மானமா எடுக்கிறதெண்டா ஒருத்தர் முன்மொழியோணும், ஒருத்தர் வழிமொழியோணும்" என்றார். "இல்லாட்டி விட்டிடலாம்."

தங்கரத்தினம் ஆன்டி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "சண்முகம், குறை நினைக்காதேயுங்கோ. பெட்டையளின்ட டீமுக்கு மைதானம் கேட்டு நானே எத்தினை தரம் பகலில போன் அடிச்சிருப்பன். எடுக்க ஆளில்லை. கடைசியில அந்தப் பிள்ளையள் வேற கிளப்புக்குப் போயிட்டுதுகள். நான் முன்மொழியிறன்."

"வழிமொழியிறது?"

பூனைக்கு யார் மணி கட்டுவது? ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். ஒருவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். ராதாகிருஷ்ணனுக்குக்கூடத் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் அந்த அறிக்கை சரி என்று தெரியும். சண்முகத்தின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

கனகேஸ்வரி வேண்டிக்கொண்டாள். யாரும் கையைத் தூக்கக்கூடாது. கந்தசாமி கோயில் முருகனை வேண்டினாள். காலையில் ஆராதனையில் கேட்ட பெயரையும் சேர்த்து வேண்டினாள். தலைவர் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்காமல் மார்க் போனாலும் போகட்டும், அடுத்த வருடம் வேறு கழகத்தை எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

"வழிமொழிய ஆளில்லையெண்டா தள்ளுபடி" என்று தலைவர் நிம்மதியாகச் சாய்ந்தார்.

"வழிமொழியிறன்."

சொன்னது சண்முகரத்தினம்.

"சண்முகம், நீங்கள் செக்ரட்டரி..."

"செக்ரட்டரியும் மெம்பர்தான். விதியில தடை இல்லை." பேனாவை எடுத்தார். "பிள்ளை எழுதினதில பிழை இருந்தா இப்ப சொல்லுங்கோ. இல்லையெண்டாக் கையைத் தூக்குங்கோ. நேரம் போகுது."

ஒவ்வொரு கையாக, கூச்சத்தோடு, மேலே வந்தது. அவர் எல்லாவற்றையும் எண்ணினார். முன்மொழிந்தவர் பெயரை எழுதினார். வழிமொழிந்தவர் என்ற இடத்தில், நிதானமாக, தன் பெயரை எழுதினார்.

கூட்டம் கலையும்போது தலைவர் அவளுடைய தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "ராதாகிருஷ்ணன் சொன்னதை விடும். எக்ஸாம் முடிய ஒருக்கா என்னை வந்து பாரும்" என்றார். அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கறிபாப் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

*

வீட்டுக்கு நடந்தார்கள். வழக்கம்போல் அவர் முன்னால், அவள் கொஞ்சம் பின்னால். கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். பூக்கடைக்காரம்மா, "என்ன சார், இன்னிக்கி சீக்கிரமாவே கெளம்பிட்டீங்க?" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நல்லா வாசிச்சாய்" என்றார் திடீரென்று. "இரண்டாம் பக்கத்தில மட்டும் கொஞ்சம் வேகம்."

அந்தப் பாராட்டு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"நீங்க ஏன் வழிமொழிஞ்சீங்க அப்பா? பேசாம இருந்தாத் தள்ளுபடி ஆகியிருக்குமே."

"ஓம். ஆகியிருக்கும். பிறகு?"

"பிறகு எல்லாம் முந்தி மாதிரியே இருந்திருக்கும்."

"இருக்காது, பிள்ளை. என்ட முகத்துக்காக எல்லாரும் விட்டுவச்ச கதிரை எண்டு தெரிஞ்சுகொண்டு, அதில போய் இருக்கிறது எப்பிடி?"

சாலையைக் கடக்க நின்றார்கள். ஒரு லோரி போனது. அது போன பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்குச் சொல்லத்தான் வந்தாய், என்ன? காலையில."

"ஓம்."

"நான்தான் விடேல்லை."

அவ்வளவுதான் பேசினார்கள். அவள் அழவேண்டும் என்று நினைத்தாள். நடுத்தெருவில் அழுதால் அதற்கும் அவர்தான் சங்கடப்படுவார் என்று அடக்கிக்கொண்டாள். தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தும், ஆளுக்கொரு தெருவில் போவது மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சண்முகரத்தினம் செருப்பைக்கூட ஓரமாக வைக்கவில்லை. நேரே தொலைபேசிக்குப் போனார். லண்டனுக்கு அவர் ஒருநாளும் அழைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூரணம் கூப்பிட்டால் பேசுவார், அதுவும் சுருக்கமாக. இன்று புதன்கிழமை. எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார். லண்டனில் அப்போது மத்தியானம்.

கனகேஸ்வரி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"பூரணம், நான்தான். இல்லை, ஒண்டும் இல்லை, சுகமாத்தான் இருக்கிறம். பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுதோ? ம். ம்." கொஞ்சம் நிறுத்தினார். "கேளும், அங்க யோகநாதன் வீட்டில எனக்கு ஒரு இடம் இருக்குமோ?"

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"இல்லை, வந்து பாத்திட்டுப் போறதுக்கில்லை. இருக்கிறதுக்கு. கிளப்போ? கிளப்பை இனி வேற ஆள் பாக்கும். ஓம், தீர்மானம் போட்டாச்சு."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசியது. அவர் ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தார். திரும்பினார். சமையலறை வாசலில் ஈரக் கையோடு நிற்கும் மகளைப் பார்த்தார். பார்த்தும் குரலைக் குறைக்கவில்லை.

"கனகமோ? அவளுக்கென்ன பூரணம். நீர் இண்டைக்கு வந்து பாத்திருக்கோணும். அவள் கெட்டிக்காரி. தனிய இருப்பாள்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் எப்படியாவது தாங்கியிருப்பாள். அப்பா அதைப் பெருமையோடுதான் சொன்னார்.